காளான் காம்பராவுக்குக் காற்று: ஃபேனைக் கடைசியாக வாங்குங்கள்

வீட்டோடு சேர்ந்த சின்ன அறையில் சிப்பிக் காளான் வளர்க்க இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை அங்குல ஃபேன் வாங்குவது?" நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். டவுனுக்குப் போய், கடைக்காரர் காட்டியதிலேயே பெரியதாக ஆறு அங்குல ஃபேன் ஒன்றும், "இதைப் போட்டால் ஒரு பிரச்சினையும் வராது" என்று அவர் கொடுத்த காபன் ஃபில்டர் ஒன்றும் வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் காளான் மடல்களின் ஓரம் மஞ்சளாகி வெடித்துவிட்டது. காபன் ஃபில்டர் ஈரத்தில் ஊறி, தூக்கவே முடியாத பாரமாகிவிட்டது. அந்த ஃபேன் இப்போது குசினியில் புகை இழுக்கிறது. அந்த வேலைக்கு அது அருமையான ஃபேன்.

நான் செய்த பிழை, தலைகீழாகத் தொடங்கியது. காளானுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். பிறகு அந்தக் காற்றை விடக்கூடிய ஃபில்டர், பிறகு குழாய். இவை எல்லாம் சேர்ந்து கொடுக்கும் தடையைத் தாண்டி இழுக்கக்கூடிய ஃபேனைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

காற்று எதற்கு, எப்போது

மரத்தூள் பையில் வித்து ஓடிக்கொண்டிருக்கும், அதாவது பூஞ்சை இழை பரவிக்கொண்டிருக்கும் நாட்களில் ஃபேனே தேவையில்லை. பஞ்சு அடைத்த பைக்குள் காபனீரொட்சைட்டு கூடினாலும் பூஞ்சை இழைக்கு அது பெரிய பொருட்டல்ல. பையைத் திறந்து மொட்டு விடுகிற அறைக்குத்தான் காற்றோட்டம் வேண்டும். காளானும் நம்மைப் போலவே ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகிறது. மூடிய அறையில் அது 1000 பி.பி.எம். (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 1000 பங்கு) அளவைத் தாண்டிப் போகப் போக, தண்டு நீண்டு மடல் சிறுத்து, ஊதுகுழல் மாதிரி ஒன்று வரும். சந்தையில் அதை யாரும் எடுக்க மாட்டார்கள். 800 பி.பி.எம்-ஐ ஒட்டி வைத்திருந்தால் நல்லது. வெளிக்காற்றிலேயே ஏறக்குறைய 420 இருக்கிறது. ஆக நமக்குக் கிடைக்கும் இடைவெளி 380தான்.

இன்னொரு பக்கம் ஈரப்பதம். மொட்டு விடும்போது 85 முதல் 95 வீதம் வரை வேண்டும். அதிகக் காற்றை இழுத்தால் ஈரம் போய்விடும், குறைத்து இழுத்தால் மூச்சு முட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் முழு வேலையும்.

அறையை அளவிடுங்கள்

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், ஒரு பழைய காம்பரா (அறை) 10 அடிக்கு 12 அடி. முழுக் காம்பராவையும் காளானுக்குக் கொடுக்கிறவர் குறைவு. பின்பக்கம் ஒரு மூலையைத் தடுத்து, தடித்த பொலித்தீனில் மேற்கூரையும் போட்டு, 8 அடி நீளம், 6 அடி அகலம், 7 அடி உயரத்தில் ஓர் அறை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 336 கன அடி. தட்டுகளும் பைகளும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழிக்க வேண்டாம்.

சிப்பிக் காளானுக்கு மணித்தியாலத்துக்கு 4 முதல் 8 தடவை அறைக் காற்று மாற வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நடுவில் 6 என்று எடுத்தால், 336 ஐ 6 ஆல் பெருக்கி 60 ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 34 கன அடி வரும். ஃபேன் பெட்டிகளில் இதைத்தான் சி.எஃப்.எம். என்று போட்டிருப்பார்கள். சில பெட்டிகளில் மணித்தியாலத்துக்குக் கன மீட்டர் என்று இருக்கும். அதை 1.7 ஆல் வகுத்தால் சி.எஃப்.எம். கிடைக்கும்.

இந்தப் பொதுக் கணக்குக்கு ஒரு குறை உண்டு. அதே அறையில் 50 பை வைத்தாலும் 200 பை வைத்தாலும் அது ஒரே விடையைத்தான் சொல்லும். ஆனால் மூச்சு விடுவது பைதானே, அறை அல்லவே. ஆகவே காபனீரொட்சைட்டு மானி ஒன்றைக் கடன் வாங்கியாவது இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். காளான் நிறைய வந்திருக்கும் ஒரு நாளில் கதவைத் திறந்து காற்றை மாற்றிவிட்டு, எல்லாவற்றையும் மூடி, மானியை உள்ளே வைத்து, 10 நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். நீங்கள் உள்ளே நிற்க வேண்டாம், உங்கள் மூச்சையும் சேர்த்து அளந்துவிடும். 600 இல் இருந்து 1000க்கு ஏறினால் நிமிடத்துக்கு 40. இந்த 40 ஐ, நமக்கு இருக்கும் இடைவெளியான 380 ஆல் வகுத்து, 336 கன அடியால் பெருக்குங்கள். 35 சி.எஃப்.எம். வரும். என் உதாரணத்தில் பொதுக் கணக்கோடு அச்சாகப் பொருந்திவிட்டது. உங்கள் அறையில் பொருந்தாவிட்டால் மானி சொல்வதை நம்புங்கள்.

மானி வாங்குவதென்றால், அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் என்.டி.ஐ.ஆர். வகை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை மணந்து பார்த்துக் காபனீரொட்சைட்டை ஊகித்துச் சொல்லும். காளான் அறையில் அவை சொல்வதெல்லாம் கட்டுக்கதை.

ஃபில்டர் அழுக்காகும், மழைக்காலத்தில் வலை அடைக்கும். அதற்கெல்லாம் சேர்த்துக் கொஞ்சம் கூட்டி 50 சி.எஃப்.எம். என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் போக வேண்டாம். ஏன் என்பது நம் மலைநாட்டோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

பனிமூட்டம் காய்ந்த காற்று

நம்ப மாட்டீர்கள். நுவரெலியாவில் விடியற்காலை முற்றமெல்லாம் பனி மூடி, புல்லில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும்போது, "இவ்வளவு ஈரக் காற்றை உள்ளே இழுத்தால் காளானுக்குக் கொண்டாட்டம்" என்றுதான் நானும் நினைத்தேன். அது பிழை. வெளியே 8 பாகையில் 95 வீத ஈரத்தோடு இருக்கும் காற்றில், ஒரு கன மீட்டருக்கு 8 கிராம் நீர்கூட இல்லை. அதே காற்று உள்ளே வந்து 18 பாகைக்குச் சூடானால் ஈரப்பதம் பாதிக்கு, கிட்டத்தட்ட 50 வீதத்துக்கு இறங்கிவிடும். அதைத் திரும்ப 90 வீதத்துக்குக் கொண்டுவர ஒவ்வொரு கன மீட்டருக்கும் சுமார் 6 கிராம் நீர் வேண்டும். 50 சி.எஃப்.எம். என்றால் மணித்தியாலத்துக்கு 85 கன மீட்டர். அதாவது அரை லீட்டருக்கு மேல் தண்ணீர், ஒவ்வொரு மணித்தியாலமும். என் மடல்கள் பனிக்காலத்திலேயே வெடித்ததற்குக் காரணம் இதுதான்.

குளிருக்கும் இதே கணக்குத்தான். 10 பாகை வித்தியாசத்தில் 50 சி.எஃப்.எம். காற்றை இழுத்தால், நுவரெலியா உயரத்தில் சுமார் 230 வாட் சூடு வெளியே போய்விடும். 60 வாட் குண்டு பல்பு நான்கை இரவு முழுக்க எரிப்பது போல. ஃபேன் இரண்டு மடங்கு பெரிதானால் இந்த நட்டமும் இரண்டு மடங்காகும். பெரிய ஃபேன் பாதுகாப்பு என்று நினைப்பது மலைநாட்டில் எடுபடாது.

பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கத்தாருக்கு இன்னொன்று. தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் கொட்டும் மாதங்களில் உங்கள் பக்கம் மழையற்ற கச்சான் காற்று அடிக்கும். அந்த மாதங்களில் காற்று உள்ளே வரும் வழியில் ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஃபில்டருக்கு அரை அடியாவது முன்னால் தொங்கட்டும், அதில் ஒட்ட வேண்டாம்.

ஃபில்டர்: எதைத் தடுக்க வேண்டும்?

காபன் ஃபில்டர் மணத்தைப் பிடிக்கும் சாமான். சிப்பிக் காளானில் அக்கம்பக்கத்தார் முறைப்பாடு செய்யும் அளவுக்கு மணம் இல்லை. அதோடு ஈரப்பதம் 70 வீதத்துக்கு மேலே போகப் போக, காபன் மணத்தைப் பிடிப்பதை விட்டு நீரைப் பிடித்துக்கொள்ளும். 90 வீத அறையில் அதை மாட்டுவது காசைக் கரைப்பது.

இங்கே தடுக்க வேண்டியவை இரண்டு. உள்ளே வரும் காற்றில் தூசியும், பச்சைப் பூஞ்சையின் வித்திகளும் (விதை போன்ற நுண்துகள்கள்), பைகளில் முட்டையிடும் சிறு ஈக்களும். வெளியே போகும் காற்றில் சிப்பிக் காளானின் சொந்த வித்திகள். முற்றிய காளான் இரவோடிரவாக வெள்ளை மாவு தூவியது போல் தட்டெல்லாம் கொட்டிவைக்கும். அது மாவல்ல, வித்தி. நாட்கணக்கில் சுவாசித்தால் சிலருக்கு இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல் வரும். காளான் தொழிலாளருக்கு வரும் நுரையீரல் நோய் என்று மருத்துவர்கள் தனியாகவே ஒன்றைச் சொல்கிறார்கள். வீட்டில் ஈளை (ஆஸ்துமா) உள்ள ஆச்சியோ, கைக்குழந்தையோ இருந்தால் இந்த வேலையை வீட்டோடு சேர்த்து வைக்காதீர்கள். நான் ஃபில்டர் பற்றி எவ்வளவு எழுதினாலும் அதற்கு மாற்றுக் கிடையாது. பறிக்கப் போகும்போது என்95 முகக்கவசம் போடுங்கள். மடலின் விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே, தட்டையாகி மேலே திரும்புமுன் பறித்துவிட்டால் பாதி வித்தி காற்றுக்கே வராது. காசு செலவில்லாத ஃபில்டர் அது.

மீதிக்கு, சிப்பிக் காளான் வித்தி ஏறத்தாழ 10 மைக்ரோன் நீளம், 3, 4 மைக்ரோன் அகலம். ஜி4 என்று விற்கும் பொலியெஸ்டர் பஞ்சு இதில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். எஃப்7 மடிப்பு ஃபில்டர் மிகப் பெரும் பங்கைப் பிடிக்கும். மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வரை போனால் ஒன்றும் தப்பாது, ஆனால் சின்ன ஃபேன் அதற்குள்ளால் இழுக்கத் திணறும். நான் வைத்திருப்பது முன்னால் ஜி4, அதன் பின்னால் எஃப்7. காகிதத்தில் செய்ததை வாங்காதீர்கள், ஒரு வாரத்தில் ஊறிக் கிழியும். செயற்கை இழைதான் தாங்கும்.

அளவு பார்ப்பது சுலபம். சி.எஃப்.எம்-ஐ ஃபில்டரின் சதுர அடியால் வகுத்தால், காற்று அதற்குள்ளால் நிமிடத்துக்கு எத்தனை அடி வேகத்தில் போகிறது என்று தெரியும். 50 சி.எஃப்.எம்-க்கு ஓர் அடிக்கு ஓர் அடி ஃபில்டர் என்றால் 50 அடி. மிக நல்லது. 100ஐத் தாண்ட விடாதீர்கள். நான்கு அங்குலக் குழாய் வாயிலேயே பஞ்சைக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அங்கே பரப்பு சதுர அடியில் பதினொன்றில் ஒரு பங்குதான். வேகம் 570 அடிக்குப் போய், பஞ்சு குழாய்க்குள் உறிஞ்சப்பட்டு, ஃபேன் கத்தும், காற்று வராது. ப்ளைவூட்டில் ஓர் அடிப் பெட்டி ஒன்று அடித்து, ஒரு பக்கம் ஃபில்டரும் மறு பக்கம் குழாயும் பொருத்துங்கள். காசு மிச்சமிருந்தால் ஃபேனை விட்டுவிட்டு ஃபில்டரைப் பெரிதாக்குங்கள். பரப்பு இரண்டு மடங்கானால் தடை பாதியாகக் குறையும், அழுக்கு அடைக்கவும் இரண்டு மடங்குக்கு மேல் நாளெடுக்கும்.

இழுப்பதா, தள்ளுவதா

காளான் அறை தனிக் கொட்டிலாக, வீட்டுக்கு எட்ட இருந்தால் ஃபேனை உள்ளே வரும் வழியில் வைத்து, ஃபில்டர் பண்ணிய காற்றை உள்ளே தள்ளுங்கள். எந்த இடுக்கானாலும் அதன் வழியே காற்று வெளியேதான் போகும், பச்சைப் பூஞ்சை உள்ளே நுழையாது.

லயத்தில் அப்படிச் செய்யக் கூடாது. பழைய லயங்கள் பலவற்றில் ஒரே கூரை, நடுச்சுவர் கூரை வரை போகாது. அடுத்த காம்பராவில் பேசுவது இங்கே கேட்கும். தள்ளினால் வித்தித் தூள் முழுவதும் அந்த இடைவெளி வழியாக அடுத்த வீட்டு அக்காவின் சோற்றுப் பானைக்குப் போகும். அங்கே இழுக்கத்தான் வேண்டும். அறைக்குள் ஃபில்டர் பெட்டி, அதற்குப் பிறகு ஃபேன், பிறகு குழாய், பிறகு வெளி. இந்த வரிசையில் வைத்தால் ஃபேன் இறக்கையில் வித்தி அப்பாது. உள்ளே வரும் வழிக்கு எதிர்ச்சுவரில் வேறு ஓர் அடிப் பெட்டி, ஜி4 பஞ்சும் நுளம்பு வலையும் போட்டு. முடிந்தால் அதை இரண்டு சதுர அடியாகச் செய்யுங்கள். கதவடியைச் சைக்கிள் டியூப் நாடாவால் அடைக்காவிட்டால், காற்று ஃபில்டரை விட்டுவிட்டு அந்த இடுக்கால் வரும்.

காபனீரொட்சைட்டு பாரமானது, கீழே படியும், ஆகவே ஃபேனைத் தரையோடு வைக்க வேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். காற்று அசையும் சின்ன அறையில் எல்லாம் கலந்துதான் இருக்கும். வரும் வழியும் போகும் வழியும் மூலைக்கு மூலை எதிராக இருந்தால் போதும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் புதுக்காற்று பைகளைப் பார்க்காமலே திரும்பிப் போய்விடும்.

சுவரைத் துளைக்குமுன் தோட்டக் காம்பராவானால் நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். நான் சுவரைத் தொடவில்லை. ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி, அந்த அளவுக்கு ப்ளைவூட் வெட்டி, அதில் துளை போட்டேன்.

குழாய்க்கு 110 மில்லிமீட்டர் பீ.வீ.சி. நல்லது. ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும், உள்ளே வழுவழுப்பாக இருக்கும். மூன்று அங்குலத்துக்கு இறங்க வேண்டாம். விட்டம் நான்கிலிருந்து மூன்றானால் குழாயின் தடை நான்கு மடங்காகும். வளைவுகளைக் குறையுங்கள். குழாய் வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்கட்டும். உள்ளிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் நீராகும், சரிவு மாறியிருந்தால் அது ஃபேன் மோட்டாருக்குத்தான் வந்து சேரும். வெளி நுனியில் கீழ்நோக்கி ஒரு வளைவும் வலையும் போடுங்கள். அட்டை ஏறிவரும் பக்கமானால் வலை இன்னும் முக்கியம். அது என் சொந்தக் கதை, விடுங்கள்.

இப்போது ஃபேன்

பெட்டியில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். எந்தத் தடையும் இல்லாத திறந்த வெளியில் அளந்தது. அதற்குப் பக்கத்தில் பாஸ்கல் என்ற அழுத்த அலகில் இன்னோர் எண் இருக்கும். அந்த ஃபேன் தாங்கக்கூடிய உச்சத் தடை அது, அந்த இடத்தில் காற்றே வராது. இரண்டுக்கும் நடுவில் தோராயமாக ஒரு நேர்கோடு போட்டுக்கொள்ளுங்கள். உச்சத் தடையில் பாதி வந்தால் காற்றும் பாதி.

நம் ஃபில்டர்கள் இரண்டும் குழாயும் சேர்ந்து, கொஞ்சம் அழுக்கேறிய நிலையில், 100 பாஸ்கல் கேட்கும் என்று வைப்போம். 50 சி.எஃப்.எம். வேண்டுமானால், 100 சி.எஃப்.எம்., 200 பாஸ்கல் என்று போட்ட ஃபேன் சரி. குழாயோடு பொருத்தும் நான்கு அங்குல இன்லைன் ஃபேன்களில் இந்த அளவில் தேடுங்கள். சுவரில் மாட்டும் சாதாரண குசினி எக்ஸோஸ்ட் ஃபேன் சில பத்து பாஸ்கல்தான் தாங்கும். கணினிக்குள் இருக்கும் குட்டி ஃபேன் அதுவும் இல்லை. இறக்கை சுற்றும், சத்தம் வரும், ஃபில்டருக்குப் பின்னால் கடதாசித் துண்டு பிடித்தால் அசையாது.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நுவரெலியா 1868 மீட்டரில் இருக்கிறது. காற்று அங்கே கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு ஐதானது. ஃபேன் தள்ளும் கன அடி மாறாது, ஆனால் அதன் அழுத்தம் அந்த ஐந்தில் ஒரு பங்கால் குறையும். மெதுவாகக் காற்று போகும் ஃபில்டரின் தடையோ குறைவதில்லை. ஆகவே நுவரெலியாவில் 200க்குப் பதில் 250 பாஸ்கல் ஃபேன் பாருங்கள். கண்டிப் பக்கம் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இணையத்தில் வாங்குவதானால் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். 110 வோல்ட் ஃபேனை நம் கறண்டில் நேரே செருகினால் புகைதான் வரும். மோட்டாருக்கு நீர் தெறிப்பைத் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.4 குறி இருக்க வேண்டும். பிளக்கில் எர்த் வேலை செய்கிறதா, ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்பதை மின் வேலை தெரிந்தவரிடம் காட்டிப் பாருங்கள். பழைய லய வயரிங்கையும் 90 வீத ஈரத்தையும் நான் ஒன்றாக நம்ப மாட்டேன்.

வேகத்தைக் குறைத்து இடைவிடாமல் ஓட்டுவதே நல்லது. டைமரில் போடுவதானால் 10 நிமிடம் ஓட, 5 நிமிடம் நிற்க, காளான் நிறைய உள்ள நாட்களுக்குச் சரிவரும். 15 நிமிடத்துக்கு ஒரு முள் உள்ள வட்ட டைமர் இதற்கு ஆகாது. நாம் அளந்த அறையில் 15 நிமிடம் நின்றால் 600 பி.பி.எம். ஏறிவிடும்.

எல்லாம் பொருத்திய பிறகு, 200 லீட்டர் பெரலுக்குள் போடும் மெல்லிய பொலித்தீன் பையொன்றைச் சப்பையாக மடித்து, வெளிக்குழாய் நுனியில் கட்டி, ஃபேனைப் போட்டு, பை நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 8, 9 வினாடியில் நிரம்பினால் 50 சி.எஃப்.எம். வருகிறது. அந்த எண்ணை ஃபில்டர் பெட்டியிலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை திரும்பப் பாருங்கள். 12 வினாடி எடுத்தால் 35க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஜி4 பஞ்சைக் கழற்றி வெளியே கொண்டுபோய், முகக்கவசத்தோடு, பீலித் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள். இரண்டு பஞ்சு வைத்திருந்தால் ஒன்று காயும்வரை மற்றதைப் போடலாம், மழைக்காலத்தில் அது காய மூன்று நாளாகும். பஞ்சை மாற்றியும் 12 வினாடியே எடுத்தால் எஃப்7 நிறைந்துவிட்டது. அதைக் கழுவ முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்.